மேபலின் முதுகைத் தொட்ட கை

1

பௌர்ணமி அன்று அக்கா வீடியோ காலில் கூப்பிட்டாள். எங்களுக்கு இங்கே அமெரிக்காவில் காலை. ஊரில் இருட்டத் தொடங்கியிருந்தது. அடி அண்ணாமலையில் எங்கள் வீடு கிரிவலப் பாதையைப் பார்த்தபடி இருக்கிறது. மாதம் ஒருமுறை எங்கள் வாசலில் ஒரு நதி ஓடும், மனிதக் கால்களால் ஆன நதி. அந்தக் கால்களுக்கு அவித்த வேர்க்கடலையும் தண்ணீர் பாட்டிலும் விற்பவள் என் அக்கா செல்வி.

"பாருடா, இந்த மாசம் ஜனம் ஜாஸ்தி. போன மாசம் மழையில கம்மியா வந்தாங்க" என்று போனைத் தெருப்பக்கம் திருப்பினாள்.

என் மகள் இலக்கியா தலையை உள்ளே நுழைத்தாள். ஒன்பது வயது. பள்ளியில் அவள் பெயர் லக்கி. "அத்தை, நானும் மலையில போனேன். நாலு நாள். குதிரை மேல."

"குதிரை மேலயா? விழுந்தியா இன்னா?"

"விழல. ஆனா குதிரை ஓடிச்சு. ஏன்னா அப்பா..."

"அக்கா, சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று நான் போனை வாங்கி அணைத்துவிட்டேன்.

"சிக்னல் நல்லாதானே இருந்துச்சு" என்றாள் இலக்கியா. நான் காபி போடப் போனேன்.

அரைமணி நேரத்தில் அக்காவிடமிருந்து குரல்பதிவு வந்தது. பின்னால் ஜன இரைச்சல். "டேய், பாதையில நடக்கறவன் மூஞ்சியப் பாத்தே அவனுக்குக் கால்ல முள்ளா, வயித்துல பசியான்னு சொல்றவ நான். என்கிட்ட சிக்னல் கதை விடறியா? இன்னா நடந்துச்சு, சொல்லு."

அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அவள் பெண் இப்போது பத்தாவது படிக்கிறாள். இதை அவள் படித்துக் காட்டுவாள். போனில் சொன்னால் நடுவில் என் குரல் உடையும். அதனால் எழுதுகிறேன்.

2

இந்த வாரத்தோடு நான் இங்கே வந்து எட்டு வருடம் முடிகிறது. எட்டு வருடத்தில் என்ன சேர்த்தாய் என்று யாராவது கேட்டால், பயம் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் போலீஸ் வண்டி மெதுவாகப் போனால் பயம். தபால்பெட்டியில் நீளமான உறை கிடந்தால் பயம். எல்லாவற்றையும்விட ஃபாரம் என்றால் பயம். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் நான்காவது வருடமாக எங்கோ ஒரு மேசையில் கிடக்கிறது. நான் எங்கே எந்தக் கட்டத்தில் தப்பாக ஒரு குறி போட்டாலும் அந்த மேசைக்குச் செய்தி போய்விடும் என்பது என் நம்பிக்கை. சாலை வடிகால்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. தண்ணீர் எந்தப் பள்ளத்தைத் தேடிப் போகும் என்று கணக்குப் போடுகிறவனுக்கு, ஒரு காகிதம் எங்கே போய்ச் சேரும் என்று தெரியவில்லை.

போன கோடையில் இலக்கியாவின் வகுப்பில் ஒரு பெண் மலைப்பாதையில் குதிரைச் சவாரி போய்வந்தாளாம். நூற்றுக்கணக்கான மைல் நீளும் பாதை அது. மலைமுகடுகளை ஒட்டியே போகும். நடப்பவர்களும் போகலாம், குதிரையிலும் போகலாம். அதில் நான்கு நாள் தூரத்தை ஒரு குதிரை முகாம்காரர்கள் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். இலக்கியா என்னிடம் கேட்கவில்லை. அவள் அம்மாவிடம் கேட்டாள். நான் வேண்டாம் என்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

என் மனைவி தேவிக்கு மருத்துவமனையில் வேலை, விடுப்பு கிடையாது. "நீங்க கூடப் போங்க" என்றாள்.

"எனக்குக் குதிரை ஏறத் தெரியாது."

"உங்களை யாரு ஏறச் சொன்னா? அவ குதிரையில வரட்டும், நீங்க நடங்க. பொறந்ததுல இருந்து மலையச் சுத்தி நடந்த காலுதான அது?"

முகாமிலிருந்து பதினோரு பக்க ஃபாரம் வந்தது. மரணம் என்ற சொல் அதில் ஒன்பது இடத்தில் இருந்தது, எண்ணினேன். குதிரை என்பது தன் விருப்பப்படி நடக்கக்கூடிய பிராணி என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன் என்று ஓரிடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"அந்த ஃபாரத்த நாலு நாளா கையில வச்சிக்கினு இருக்கீங்க. பரிட்சையா எழுதறீங்க?" என்றாள் தேவி.

எட்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: கால்நடைகளோடு பழகிய அனுபவம் உண்டா? இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்று கட்டங்கள். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு மாடு நிற்கும். தீபத்துக்குத் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் அப்பாவோடு வருடா வருடம் சுற்றியவன் நான். அங்கே குதிரைகளும் வரும். நிறைய என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் போட்டேன். அந்த ஃபாரத்திலேயே பயமில்லாமல் நான் போட்ட குறி அது ஒன்றுதான். தப்பாகப் போனதும் அதுதான்.

3

எங்கள் வழிகாட்டியின் பெயர் டோனா. அறுபது வயதிருக்கும். முகம் காய்ந்த நிலம்போல வெடித்திருந்தது, கண் மட்டும் சின்னப் பெண்ணின் கண். குதிரையில் அவர், இலக்கியா, ஓய்வுபெற்ற ஒரு கணவன் மனைவி. நடந்தே வந்தது நான் ஒருவன்.

புறப்படும் முன் டோனா கால்மணி நேரம் விதிமுறைகள் சொன்னார். அவர் பாதிச் சொல்லை வாயிலேயே மென்றுவிடுவார். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் நடந்த முதல் நாளில் கற்றுக்கொண்டது இந்தத் தலையாட்டல், இன்றுவரை விடவில்லை. புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்க நாக்கு வராது. கேட்டால் இவன் எப்படி இங்கே வந்தான் என்று நினைத்துவிடுவார்களோ என்று இருக்கும்.

இலக்கியாவுக்குக் கொடுத்த குதிரை மேபல். பத்தொன்பது வயதுப் பெண்குதிரை, வேர்க்கடலைத் தோல் நிறம். "குழந்தைகளை ஏற்ற இவளைவிடப் பொறுமையான குதிரை என்னிடம் இல்லை" என்றார் டோனா. அது எனக்குப் புரிந்தது.

பாதை மேலே ஏறியது. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் பள்ளம். பைன் மரங்களின் உச்சி என் காலுக்குக் கீழே தெரிந்தது. மூச்சு வாங்கியது. இரவில் கரடி வரும் என்று சாப்பாட்டு மூட்டையை மரக்கிளையில் ஏற்றித் தொங்கவிட்டார்கள். நான் கூடாரத்துக்குள் படுத்து அந்த மூட்டை ஆடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இலக்கியா இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை டோனா குதிரையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "நேற்றிலிருந்து கவனிக்கிறேன். நீ ஏன் விளிம்பிலேயே நடக்கிறாய்? உள்ளே வா."

குனிந்து பார்த்தேன். என் இடதுகால் பாதை முடியும் இடத்தில் இருந்தது. அங்கிருந்து ஒரு கல் உருண்டு, வெகுநேரம் கழித்துச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் மலையைச் சுற்றும்போது மலை வலப்பக்கம் இருக்கும். மலையை ஒட்டிய பக்கம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்கிற பக்கம் என்று விட்டுவிட்டு நாம் இடப்பக்கமாக நடப்போம். யாரும் யோசித்து நடப்பதில்லை. கால் தானாகப் போகும். இங்கேயும் அது தானாகவே போயிருக்கிறது. இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று யோசித்து, தலையாட்டிவிட்டு உள்பக்கம் வந்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் திரும்பவும் விளிம்பில் இருந்தேன்.

அறிவுக்குத் தெரியாமல் உடம்பு செய்கிற காரியங்கள் எத்தனை என்று அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

4

இரண்டாம் நாள் மதியம் பாறையின் பக்கவாட்டில் வெட்டிய ஒரு வழி வந்தது. ஒரு குதிரை அகலம். இலக்கியாவை இறக்கிவிடுங்கள் என்று டோனாவிடம் கெஞ்சினேன். "அவள் மேலே இருப்பதுதான் பத்திரம். மேபலுக்கு நான்கு கால், உன் மகளுக்கு இரண்டு" என்றார்.

குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. நான் கடைசியாகப் பாறையைக் கட்டிப்பிடித்தபடி நடந்தேன். எனக்கு முன்னால் மேபல் ஒவ்வொரு குளம்பாக, வைத்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து நடந்தாள். மேலே என் மகளின் முதுகு. அந்த முதுகையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்ததில் எனக்குக் கண் இருண்டது. அண்ணாமலையாரே என்று எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது.

பாறை முடிந்து ஒரு புல்வெளி விரிந்தது. சின்ன ஓடை. குதிரைகள் தண்ணீர் குடிக்க நின்றன. மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். இலக்கியா மட்டும் இறங்காமல் மேபலின் மேல் உட்கார்ந்தபடி, கடிவாளத்தைத் தொங்கவிட்டுவிட்டு, தன் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. என் மகளை அந்தப் பாறையைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்த பிராணி அது. ஊரில் வாசலில் பசு போனால் என்ன செய்வோம்? பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். லட்சுமி குடியிருக்கிற இடம் அது. பசுவும் போய்க்கொண்டே இருக்கும். அது ஒரு நாளைக்கு ஐம்பது கைகளைப் பார்த்த பசு.

நான் பின்னாலிருந்து போனேன். கோயிலில் போகிற மாதிரி, சத்தமில்லாமல். வலதுகையை நீட்டி மேபலின் பின்பக்கத்தைத் தொட்டேன்.

கையைக் கண்ணுக்குக் கொண்டுபோக நேரமில்லை. மேபல் நான்கு காலும் தரையில் படாமல் எழும்பினாள். குளம்பு ஒன்று என் காதோரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அடுத்த நொடி அவள் புல்வெளியின் மறுகோடியில் இருந்தாள்.

இலக்கியா கத்தவில்லை. அதுதான் இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. குழந்தை கத்தினால் உயிரோடு இருக்கிறாள் என்று தெரியும். எனக்குக் குளம்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நீலத் தலைக்கவசம் ஒன்று மேலும் கீழும் குதித்துக்கொண்டே சரிவில் இறங்கி மரங்களுக்குள் மறைந்தது. அந்த மரங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. காலையிலிருந்து எல்லா மரங்களுக்குப் பின்னாலும் பள்ளம்தான் இருந்தது.

ஓடினேன். "நில்" என்று டோனா கத்தியது கேட்டது. குதிரையை நிற்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னைத்தான் சொல்லியிருக்கிறார். துரத்தினால் குதிரை இன்னும் ஓடும் என்பது எனக்குத் தெரியவில்லை. நிறைய அனுபவம் உள்ளவன் நான்.

தேவியிடம் என்ன சொல்வேன் என்று ஓடும்போதே வாக்கியம் தேடினேன். அப்படி ஒரு வேளையில் மனம் வாக்கியம் தேடும் என்பதை நான் நம்பியிருக்க மாட்டேன்.

மரங்களுக்குள் நூறு அடியில் மேபல் நின்றிருந்தாள். உடம்பு முழுக்க வியர்வை, தோல் துடித்துக்கொண்டிருந்தது. இலக்கியா அவள் கழுத்தோடு படுத்து, இரண்டு கையாலும் பிடரி மயிரைப் பற்றியிருந்தாள். கன்னத்தில் கிளை கிழித்த கோடு. இடது மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. எனக்குப் பின்னாலேயே மெதுவாக நடந்துவந்த டோனா, என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மேபலை நெருங்கிக் கடிவாளத்தைப் பிடித்தார்.

நான் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

"அப்பா, ஆர் யூ ஓகே?" என்று என் மகள் என்னைக் கேட்டாள்.

5

அன்று முகாமைச் சீக்கிரமே போட்டார்கள். வெயில் இருந்தது. இலக்கியாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார் டோனா. மருந்து தடவிக் கட்டினார். பிறகு ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார்.

நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன்.

"விபத்து நடந்தால் எழுத வேண்டும்" என்றார். எழுதிக்கொண்டே, மேபலைப் பார்க்காமல் சொன்னார்: "பதினாறு வருடம் குழந்தைகளைச் சுமந்தாள். ஒரு தரம்கூட இப்படிச் செய்ததில்லை. காரணமில்லாமல் ஓடிய குதிரையில் இனி நான் குழந்தையை ஏற்ற முடியாது. பெரியவர்களைச் சுமக்க அவள் முதுகில் வலு இல்லை. அடுத்த வாரம் ஏலத்துக்கு அனுப்பிவிடுவேன்."

பத்தொன்பது வயதுக் குதிரையை ஏலத்தில் யார் எடுப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். சந்தையிலிருந்து லாரியில் நெருக்கி நிற்கவைத்து அடிமாடு போவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஃபாரத்தை என்னிடம் நீட்டினார். காரணம் என்ற இடத்தில், தெரியவில்லை, குளவி கொட்டியிருக்கலாம் என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த வரி: பயணியின் செயல் ஏதும் காரணமா? ஆம், இல்லை. டோனா இல்லை என்பதில் குறி போட்டிருந்தார். நான் கீழே கையெழுத்துப் போட்டால் போதும்.

பேனாவை வாங்கினேன். அந்த நேரம் என் மூளைக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஆம் என்று எழுதினால், குழந்தையை ஆபத்தில் மாட்டிவிட்ட தகப்பன். இங்கே அப்படிப்பட்ட வீட்டுக்கு அதிகாரிகள் வந்து குழந்தையைக் கூட்டிப்போவார்கள் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். எட்டாம் பக்கத்தில் நிறைய அனுபவம் என்று பொய்க்குறி போட்டவன். இந்தக் காகிதம் அந்த மேசைக்குப் போகும். எட்டு வருடம் போகும். மேபல் ஒரு குதிரை. வயதான குதிரை.

"அப்பா" என்றாள் இலக்கியா. தமிழில், மெல்ல, டோனாவுக்குப் புரியாதபடி. "நீதான தொட்ட?"

"சும்மா இரு."

"நான் திரும்பிப் பாத்தேன். உன் கை அவ மேல இருந்துச்சு."

"உனக்கு இதெல்லாம் தெரியாது பாப்பா. பேப்பர்ல எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது."

"அவளை வித்துடுவாங்க."

"தெரியும்."

"நீ சொல்லு. இல்லன்னா நான் சொல்லட்டா?"

எட்டு வருடமாக அவளிடம் தமிழில் பேசு, தமிழில் பேசு என்று மன்றாடியவன் நான். ஒரு கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்வாள், மீதி ஆங்கிலம். அன்று அவள் பேசிய அத்தனை தமிழும் எனக்கு எதிராக இருந்தது.

"உனக்குப் பயமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

அவள் பேனாவைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

6

டோனாவிடம் சொல்லத் தொடங்கியதும் என் ஆங்கிலம் காணாமல் போனது. நான் தொட்டேன் என்று வந்தது. ஏன் தொட்டேன் என்பது வரவில்லை. கடைசியில் அவர் உட்கார்ந்திருந்த மரக்கட்டையின் கோடியை மேபலின் பின்பக்கமாக வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து போய், தொட்டு, கையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக் காட்டினேன். ஓய்வுபெற்ற தம்பதி காபிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

டோனா மேபலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எதற்கு?" என்றார்.

"நன்றி சொல்ல."

"என் மகளைச் சுமந்ததற்கா?"

அவர் என் மகள் என்று சொன்னது என் வாக்கியத்தை முடித்துக் கொடுப்பதற்காக. நான் தலையாட்டினேன். இந்தத் தரம் புரிந்து.

"குதிரைக்குப் பின்னால் கண் இல்லை. சத்தமில்லாமல் பின்னால் வருவது அவளுக்குச் சிங்கம். பக்கத்தில் போனால் பேசிக்கொண்டே போ என்று முதல் நாள் காலையிலேயே சொன்னேன். நீ தலையாட்டினாய்."

"புரியவில்லை. கேட்க வெட்கப்பட்டேன்."

"நன்றி சொல்வதானால் முன்பக்கமாக வந்து சொல்" என்றார். ஃபாரத்தில் தான் எழுதியதைக் குறுக்கே அடித்தார். "நீயே எழுது."

எழுதினேன். ஆம் என்ற கட்டத்தில் குறி போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது. என் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு எழுதினேன். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று கதைகளில் சொல்வார்கள். எனக்கு ஆகவில்லை. பயம் அப்படியே இருந்தது.

"ஆனால் ஒன்று" என்றார் டோனா. "காரணம் தெரிந்துவிட்டது என்பதால் அவள் சரியாகிவிட்டாள் என்று அர்த்தமில்லை. நாளை முழுக்க நான் மேபலை வெறுமனே நடத்திப் பார்க்கிறேன், உன் மகள் உன்னோடு நடந்து வரட்டும். கடைசி நாள் பாதை அகலம், பள்ளம் கிடையாது, காடுதான். அன்று ஒரு குழந்தையை ஏற்றி அவள் ஒழுங்காக நடந்தால் வைத்துக்கொள்வேன். இல்லையென்றால் இல்லை. என்னிடம் வேறு குழந்தை கிடையாது. நீ வேண்டாம் என்றால் நான் கேட்கவே மாட்டேன்."

இலக்கியா என்னைப் பார்த்தாள். மலைக்குள் போனில் சிக்னல் இல்லை. தேவியைக் கேட்க வழியில்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு இப்போது தெரியும். வீடு திரும்பியபின் ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

7

கடைசி நாள் காலை இலக்கியாவை நான்தான் தூக்கி ஏற்றினேன். தலைக்கவசத்தின் வாரை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். "கழுத்து இறுக்குதுப்பா" என்றாள்.

டோனா மேபலின் கயிற்றை என் கையில் கொடுத்தார். "முன்னால் நட. அவள் கண்ணில் படுகிற மாதிரி. பேசிக்கொண்டே இரு. எந்த மொழியிலும் பேசலாம், குரல் நிற்கக்கூடாது. நான் பக்கத்திலேயே வருகிறேன்."

மேபல் என்னை மோந்து பார்த்தாள். காது இரண்டும் பின்னால் மடிந்திருந்தன. கயிறு என் வியர்வையில் வழுக்கியது. ஆறு மைல்.

முதலில் வாம்மா, வா தாயி, ஒண்ணுமில்ல என்று மாட்டோடு பேசுகிற மாதிரி பேசினேன். அது பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. கிரிவலப் பாதையில் வரும் லிங்கங்களை வரிசையாகச் சொன்னேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் ஊர் வரை வரும் பஸ் நிறுத்தங்களைச் சொன்னேன். வாய்ப்பாடு சொன்னேன். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் அவள் காது திரும்பவும் மடியும், நடை தயங்கும், மேலே என் மகளின் கால் ஆடும். உடனே எதையாவது பேச வேண்டும்.

அப்படிப் பேச ஒன்றுமில்லாமல் போன ஓர் இடத்தில் முனுசாமி மாமா கதை வாயில் வந்துவிட்டது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குதிரைக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம். அதன் முதுகில் இருப்பவளுக்குத் தெரியும் என்பதை மறந்துபோனேன்.

முனுசாமி மாமா எங்கள் எதிர்வீடு. எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தது நான் மட்டும் என்பதால் எல்லா வீட்டு மனுவும் நான்தான் எழுதுவேன். மாமாவும் அவர் அண்ணனும் நிலத்தைப் பாகம் பிரித்தபோது பட்டா மாற்ற மனு எழுதித் தரச் சொன்னார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வெளியே பையன்கள் கிரிக்கெட்டுக்குக் காத்திருந்தார்கள். அவசரத்தில் நிலத்தின் உட்பிரிவு எண் மூன்று என்பதற்குப் பதிலாக, பத்திரத்தில் அதற்கு மேல்வரியில் இருந்த இரண்டை எழுதிவிட்டேன். இரண்டு அவர் அண்ணனுடைய பாகம். தம்பி தன் நிலத்தை எழுதி வாங்கப் பார்த்தான் என்று அண்ணன் நினைத்தார். ஆபீஸில்தான் மாற்றிவிட்டார்கள் என்று மாமா சத்தியம் செய்தார். "நம்ம பையன் கரெக்டா எழுதினான், படிச்ச பையன் தப்பு பண்ணுவானா?" என்று பஞ்சாயத்தில் என் தோளில் கைபோட்டுச் சொன்னார். நான் தலையாட்டினேன். பிறகு அலைந்து எண்ணைத் திருத்திவிட்டார். அண்ணனும் தம்பியும் மட்டும் இருபத்தோரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. சாவுக்குக்கூட ஒருவர் போனால் மற்றவர் வெளியே நிற்பார்.

சொல்லி முடித்துவிட்டு நின்றேன். மேபலும் நின்றாள்.

"அப்புறம்?" என்று மேலிருந்து குரல் கேட்டது.

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

"அந்த மாமா இருக்காரா?"

"இருக்காரு."

"அவரு அண்ணன்?"

"அவரும் இருக்காரு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "பேசுப்பா, இவ காது பின்னால போகுது."

"என்ன பேசறது? எல்லாம் சொல்லிட்டேன்."

"மாமாகிட்ட சொல்ற மாதிரி சொல்லு."

அன்று சாயங்காலம் மேபலைக் குழந்தைகள் ஏறும் குதிரைகளின் பட்டியில் கொண்டுபோய் விட்டார் டோனா என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஃபாரம் எந்த மேசைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. இன்றும் தபால்பெட்டியைத் திறந்தால் நீளமான உறை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன். ஆனால் நான் அன்று அவற்றையெல்லாம் நினைக்கவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காட்டுக்குள் ஒரு குதிரையைப் பார்த்தபடி, தொண்டையைச் செருமினேன்.

"மாமா, அந்த நம்பரத் தப்பா எழுதினது நான்தான். ஆனா அப்ப எனக்குப் பதிமூணு வயசு."

"ஆனா வேணாம்பா. என்னைவிட நாலு வயசு ஜாஸ்தி உனக்கு."

நடந்தோம்.

"மாமா, அந்த நம்பரத் தப்பா எழுதினது நான்தான். ஆனா வேணும்னு பண்ணல."

"அப்பா."

"சரி."

இன்னொரு தரம் சொன்னேன். நான்தான் என்பதோடு நிறுத்தினேன். அங்கே நிறுத்தியதும், விளிம்பில் கால்வைத்த மாதிரி அடிவயிறு காலியானது. மேபல் நடந்துகொண்டிருந்தாள்.

"மாமா அதுக்கு இன்னா சொல்வாரு?" என்று கேட்டாள் இலக்கியா.

"தெரியல."

"பயமா இருக்கா?"

"ரொம்ப."

"சரி, திரும்பச் சொல்லு."

சொன்னேன்.